பம்பை அணைத்தவர்கள்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குச் சூப்பர்வைசர் தன் வீட்டின் பின்கதவைத் திறந்தபோது, முந்தைய நாள் மாலை ஐந்து மணியிலிருந்து இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய காற்றுப் பம்பு ஓடவில்லை.

மின்வெட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நொடியே, சுவருக்கு அந்தப் பக்கம் மின்விசிறி சுழலும் சத்தமும் அதற்கு மேலாகக் கணவனின் குறட்டையும் கேட்டன. நீல டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். பழுப்பு நுரை பொங்கிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில், எண்ணெய் படர்ந்ததுபோல் ஓர் ஏடு. பம்பைத் தொட்டாள், குளிர்ந்திருந்தது. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. சுவிட்ச் தானாக அணைவதில்லை.

சூப்பர்வைசர் என்பது பட்டப்பெயர். மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்குவதே அவள் வேலை. மடிப்பு அரை விரல் விலகினாலும் பிரித்து மறுபடி மடிப்பாள் என்பதால் உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர், தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அன்று கொதிகலனின் வால்வு பழுதாகி எல்லாரையும் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இல்லாவிட்டால் நாலரை மணிக்குத்தான் வந்திருப்பாள்.

கை சுவிட்ச்சை நோக்கிப் போயிற்று. போடவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து, டிரம்முக்கும் துவைக்கும் கல்லுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். அணைத்தவர் எவரோ அவர் போடவும் வரவேண்டும். ஏனெனில், அவள் வீடு திரும்பும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தப் பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டின் பின்புறத்தில் ஆறு பாத்திகள். ஒரு காலத்தில் இடிந்த சுவர்களின் கல்லையும் சுண்ணாம்பையும் கொட்டி வைத்த இடம். மண்வெட்டி இறங்காத தரையில் இரண்டு வருடம் கல் பொறுக்கி, மக்கிய உரம் போட்டு, மேலே கரைசல் ஊற்றி அவள் அதை மண்ணாக்கியிருந்தாள். கம்போஸ்ட் டீ என்று விதைக்கடையில் சொல்வார்கள். தெருவில் அதற்குச் சூப்பர்வைசர் டீ என்று பெயர். செய்முறையை அவளே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஒரு நாள் முழுக்க மூடாமல் வைத்துக் குளோரின் வாடையைப் போக்க வேண்டும். நன்றாக மக்கிய உரம் இரண்டு கிலோவை வலைப்பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். கரும்புப்பாகு ஒரு குவளை. ஒன்றரைக் குவளை அல்ல. இருபத்துநான்கு மணி நேரம் காற்று. உரத்தில் உறங்கிக் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாகைத் தின்று, காற்றைக் குடித்து, கோடிக்கணக்கில் பெருகும். பம்பு நின்றால் அவை மூச்சுமுட்டிச் சாகும். காற்று வேண்டாத வேறு வகை பெருகும். முன்னது வேரைக் காக்கும். பின்னது வேரை அழுகவைக்கும்.

இந்தக் கரைசலின் நன்மை தீமையை அறிய மூக்கு ஒன்றே கருவி. கிளறிய மண்ணின் வாசனை வந்தால் பாத்திக்கு. புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால் சாக்கடைக்கு. அவளுக்கோ, பதினான்கு வருடம் வெளுப்புத்தூள் ஆவியைச் சுவாசித்ததில் மூக்கு பாதி செத்துவிட்டது. ஆகவே முகர்ந்து சொல்லும் பொறுப்பை மாமியாரிடம் ஒப்படைத்திருந்தாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் மாமியார் டிரம்மின் மேல் குனிந்து, "நல்லாத்தான் இருக்கு, ஊத்து" என்பார். அவள் ஊற்றுவாள். அண்டையில் உள்ள மூன்று வீடுகளுக்கும் ஆளுக்கொரு வாளி கொடுப்பாள்.

பிப்ரவரியில் நாற்றுகள் சாயத் தொடங்கின. தண்டின் அடி கறுத்து, நூல்போல் இளைத்து, காலையில் நின்றவை மாலையில் படுத்துவிட்டன. நான்கு வீட்டிலும் ஒரே சமயத்தில். அவள் வரிசையாக யோசித்தாள். தண்ணீர் சரி. பாகு சரி. காற்று சரி. வாசனை சரி. மிச்சம் இருப்பது உரம். அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

உரம் தந்தவர் தெருமுனையில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர். பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவின் மளிகைக்கடை வாசலில் பத்துப் பேர் நிற்கையில், அவரை அவள் நிறுத்தினாள். "பச்சைச் சாணியை மண்ணுல பிரட்டி மக்கின உரம்னு என் தலையில கட்டியிருக்கீங்க. அளவுல ஏமாத்துறவனைக்கூட மன்னிக்கலாம். நீங்க செடியைக் கொன்னுட்டீங்க" என்றாள். அவர், "என் குவியல்ல கையை விட்டுப் பார்த்துட்டுப் பேசும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் பார்க்கவில்லை. அவள் வார்த்தைக்கு இருந்த மதிப்பினால், மூன்று வீடுகளும் அவரிடம் உரம் வாங்குவதை மறுநாளே நிறுத்தின. அன்று கணவனும் மாமியாரும் அவள் பின்னால், நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வாய் திறக்கவில்லை.

அதன்பின் விதைக்கடையில் மூட்டை உரம் வாங்கினாள். மிளகாய் நாற்றுகள் அதிலும் சாய்ந்தன. உலகத்தில் உரம் விற்பவர்கள் எல்லாருமே அயோக்கியர்கள் என்னும் முடிவுக்கு அவள் ஏறக்குறைய வந்திருந்தாள்.

மூன்று இருபதுக்கு வீட்டுக்குள் அலாரம் அடித்து அடங்கியது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டிச் சுவிட்ச்சைப் போட்டவர் மாமியார். பம்பு உறுமியது. டிரம்முக்குள் குமிழிகள் ஏட்டைக் கிழித்தன. திரும்பிய பிறகுதான் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தவளைக் கண்டார்.

"ஐயோ! நீ எப்ப வந்தே?"

"அலாரம் வெச்சா செய்யறீங்க, அத்தை?"

"இல்லம்மா, இப்பத்தான்... கரண்ட் போயிடுச்சு, இப்ப..."

"கரண்ட் போகலை. ஃபேன் ஓடிட்டிருக்கு. உங்க பிள்ளை குறட்டை விட்டுட்டிருக்கார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலா நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

மாமியார் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"கத்தாதே, அவன் முழிச்சுக்குவான்."

"முழிச்சுக்கட்டும். எத்தனை நாளா?"

"ஜனவரியில இருந்து" என்றார் மாமியார். "அவன் காலையில ஒம்பது மணிக்குப் படுக்கறப்ப அணைப்பேன். நீ வர்றதுக்கு முன்னாடி போட்டுடுவேன். கொஞ்ச நேரம் ஓடினா வாடை கலைஞ்சிடும்."

அவள் எழுந்தாள். குவளையில் டிரம்மிலிருந்து மொண்டு மாமியாரின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து சொல்லுங்க."

"எதுக்கும்மா இப்ப..."

"உங்க வேலை அதுதானே? சொல்லுங்க. என்ன வாடை?"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அழுகின முட்டை" என்றார்.

"போன வாரம்?"

"இதேதான்."

"அதுக்கு முந்தின வாரம்? 'நல்லாத்தான் இருக்கு, ஊத்து'ன்னு சொன்னீங்களே, அது எந்த வாயி?"

ரொட்டிக்காரன் என்று தெரு அழைக்கும் அவள் கணவன் அதற்குள் எழுந்து வந்துவிட்டான். மாலை ஏழு மணிக்குப் போய் விடியும்வரை மாவு பிசைந்து, அடுப்பில் தட்டுகளை ஏற்றி இறக்குகிறவன். கண்கள் சிவந்திருந்தன. இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தீக்காயத்தின் தழும்பு.

"என்ன ரகளை இங்க? மனுஷன் தூங்க வேண்டாமா?"

"தூங்கத்தானே அணைச்சீங்க. நல்லாத் தூங்கினீங்களா?"

அவன் தாயைப் பார்த்தான். பிறகு பம்பைப் பார்த்தான்.

"ஓ, இதுவா" என்றான்.

"இதுவாவா? 'இதுவா'ன்னு கேக்கறீங்களா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் என் தலைமாடு. நீ வேலைக்குப் போயிடறே. எனக்குத் தலைக்குள்ளயே அது ஓடுது. இந்தக் கை எப்படி வெந்துச்சுன்னு தெரியுமா? தட்டு சரிஞ்சுதுன்னு சொன்னேனே, சரியலை. அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். கை உள்ள இருந்துச்சு."

அவள் அதை அறிந்திருக்கவில்லை. அறிந்ததும் கோபம் தணிந்துவிடவில்லை, திசைதான் விரிந்தது.

"இதை எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு வாயில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பம்பை அந்த மூலைக்கு நகர்த்தியிருப்பேன். பத்தடி ஒயர். அவ்வளவுதான்."

"சொன்னேன்."

"எப்ப?"

"புதுப் பம்பு வாங்கின அன்னிக்கு. 'சத்தம் ஜாஸ்தியா இருக்கு, பகல்ல கொஞ்சம் நிறுத்தலாமா'ன்னு கேட்டேன். நீ அந்தக் காகிதத்தைக் காட்டினே. 'இருபத்துநாலு மணி நேரம்னு எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல? காதுல பஞ்சு வெச்சுக்கோங்க'ன்னே. அதுக்கப்புறம் உங்கிட்ட யாரு கேப்பாங்க? இந்த வீட்டுல நீ எழுதி ஒட்டினது சட்டம். கெஞ்சறதைவிட சுவிட்ச்சை அணைக்கறது சுலபம்."

அது உண்மை. அவள் சொல்லியிருந்தாள். அந்தப் பஞ்சுகூட அவளே மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்ததுதான்.

"சரி" என்றாள். "அது என் தப்பு. ஒத்துக்கறேன். பம்பு விஷயம் உங்களுக்கும் எனக்கும் உள்ளது, அதை நாம பேசித் தீர்த்துக்கலாம். ஆனா கொட்டகை அண்ணனை நடுத்தெருவுல நான் கேட்டப்ப ரெண்டு பேரும் பின்னாடி நின்னீங்களே, அப்ப என்ன நினைச்சீங்க? அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தீங்களா இல்லையா?"

மாமியார் அழத் தொடங்கினார். "உண்மையைச் சொன்னா வீட்டுல சண்டை வரும்னு..."

"அதனால அவர் குடும்பத்துல வந்தா பரவாயில்லை."

"நீ அவரைத் திட்டுன்னு நாங்க சொன்னோமா?" என்றான் ரொட்டிக்காரன். "உன்னை யாரு கடை வாசல்ல நிறுத்தி வெச்சுக் கத்தச் சொன்னது? வீட்டுல தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல? மடிப்பு கோணினா எல்லாருக்கும் முன்னாடிதானே பிரிச்சுக் காட்டுவே? அதே பழக்கம்."

"நான் பொய் சொல்லலைங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். நீங்க தெரிஞ்சே நின்னீங்க." அவள் குரல் உயரவில்லை, அது மேலும் மோசமாக இருந்தது. "நீங்க ரொட்டிக்காரர். ஈஸ்ட் செத்த மாவை எவனாவது உங்களுக்குத் தெரியாமத் தொட்டியில கலந்து வெச்சு, ரொட்டி எழும்பலைன்னு முதலாளி மாவு மில்காரனை உதைச்சா, நீங்க பார்த்துட்டு நிப்பீங்களா? உயிருள்ளதை மூச்சுமுட்ட வெச்சா என்ன ஆகும்னு இந்தத் தெருவுலயே உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். எனக்குப் பாகு கொண்டுவந்து குடுத்ததே நீங்கதான். ஒரு கையில தீனி, இன்னொரு கையில கழுத்து."

அவன் உள்ளே போனான். தட்டில் மாமியார் மூடி வைத்திருந்த ரொட்டி ஓரங்களையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் எடுத்து, நின்றுகொண்டே சாப்பிட்டான்.

அவள் டிரம்மைச் சாய்த்தாள். நூற்றைம்பது லிட்டரும் சாக்கடையில் ஓடி முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. நாற்றம் தெருவரை போயிருக்க வேண்டும். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, இன்னிக்கு டீ கெட்டுப் போச்சா? சர்க்கரை குறைச்சலா?" என்றார். "ரெண்டு மாசமாவே கெட்டதுதான், நாளைக்கு வந்து சொல்றேன்" என்று இவள் சொன்னதும், சிரிப்பு நின்று தலை மறைந்தது. பிறகு அவள் தூரிகையால் டிரம்மின் உட்புறத்தைத் தேய்த்தாள். வழவழப்பு, விரலில் சவ்வுபோல் உரிந்து வந்தது. குழாய்களைக் கழற்றி ஊதினாள். மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மூக்கினால் அறிய முடியாததை விரல் நுனியால் அறிய முடிந்திருக்கும். எட்டு வாரத்தில் ஒரு முறைகூட அவளுக்கு அது தோன்றவில்லை. அந்த எண்ணம் வந்தபோது தூரிகையைத் துவைக்கும் கல்லில் ஓங்கி அடித்தாள். கைப்பிடி முறிந்தது.

ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போனாள். தனியாகப் போனாள்.

கொட்டகைக்காரர் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய இடத்திலிருந்து ஆவி எழுந்தது. அவளைக் கண்டும் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"அண்ணே."

"சாணி வேணும்னா வேற இடம் பாரும்மா. இங்க பச்சைச் சாணிதான் இருக்கு."

"தப்பு உங்க உரத்துல இல்லைண்ணே. எங்க வீட்டுல பம்பை அணைச்சு வெச்சிருக்காங்க. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்படியா."

"மன்னிச்சிடுங்கண்ணே."

மண்வெட்டி நின்றது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கடை முன்னாடி கேட்டே. கொட்டகைக்குள்ள வந்து மன்னிப்புக் கேக்கறே. இங்க யாரு இருக்கா? நாலு மாடு. அதுங்களுக்கு நான் யோக்கியன்னு முன்னாடியே தெரியும்."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"என் பொண்டாட்டி ரெண்டு வாரமா அந்தக் கடைப் பக்கம் போறதில்லை, தெரியுமா? 'செடியைக் கொல்றவன் வீட்டம்மா'ன்னு ஒரு பையன் சொல்லியிருக்கான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லியிருக்கான். சிரிச்சா என்ன? ஒரு வருஷம் புரட்டிப் புரட்டி எடுக்கறேன் இந்தக் குவியலை. மழைக்கு மூடி, வெயிலுக்குத் தண்ணி தெளிச்சு. உன்கிட்ட அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

அவள் சட்டைக் கையை மடித்தாள். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே மிதமான சூடு. உதிரியாக, ஈரமாக, விரலில் ஒட்டாமல் இருந்தது. வெளியே எடுத்து மூக்கருகில் வைத்தாள். வெளுப்புத்தூளுக்குத் தப்பிய பாதி மூக்குக்குக்கூட அது எட்டியது.

"அன்னிக்கே பார்த்திருக்கணும்" என்றாள்.

"பார்த்திருக்கணும்." அவர் குரலில் இரக்கம் இல்லை. "இப்ப கேளு. உன் வார்த்தையை நம்பித்தான் மூணு வீடும் போனாங்க. உன் வார்த்தையைக் கேட்டுத்தான் திரும்பணும். பொத்தாம் பொதுவா 'ஏதோ தப்பு நடந்துபோச்சு'ன்னு சொல்லக் கூடாது. என்ன நடந்துச்சு, யாரு பண்ணாங்கன்னு சொல்லணும். இல்லைன்னா நான் காசு குடுத்து உன்னை வரச்சொன்னேன்னு பேசுவாங்க."

"வீட்டுக்காரர் பேரைச் சொல்லணுமா?"

"என் பேரைச் சொன்னேல்ல?"

வீட்டில் ரொட்டிக்காரன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் வாசலை மறித்து நின்று, கொட்டகையில் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"நான் தெருவுல நிக்க மாட்டேன்" என்றான். "ஒரு பம்புக்காகத் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கணுமா? நீ வேணும்னா போய் உன் தப்புன்னு சொல்லு. முடிஞ்சுது."

"இன்னொரு பொய்யா?"

"குடும்பத்துக்காக ஒரு பொய் சொன்னாத் தேஞ்சு போயிடுவியா?"

"அந்த மனுஷன் தேஞ்சு போயிட்டார்ங்க. நான் தேய்ச்சேன். நீங்க பார்த்துட்டு நின்னீங்க."

"நகரு, நேரமாச்சு."

அவள் நகர்ந்தாள். அவன் போய்விட்டான். உள்ளே மாமியார் உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடியே, "நாளைக்கு நான் வர்றேன்" என்றார்.

"உங்களை நான் கூப்பிடலை, அத்தை."

"நீ கூப்பிட வேண்டாம். மோந்தது நான். மூணு வீட்டுச் செடிக்கும் 'நல்லாருக்கு'ன்னு சொன்னது என் வாய்."

புதன்கிழமை மாலை இருவரும் மூன்று வீடுகளுக்கும் போனார்கள். முதல் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. தையல்காரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்போ எல்லாம் தெரிஞ்சே எனக்கு வாளி வாளியாக் குடுத்தீங்க?" என்று மாமியாரிடம் கேட்டார்.

"தெரிஞ்சேதான்."

"என் நாப்பது தக்காளி நாத்துக்கு யாரு பதில் சொல்றது? உங்க பிள்ளை தூங்கினாரே, அவரா?"

"நான்தான் சொல்லணும்" என்றார் மாமியார். "வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைம்மா."

"கொட்டகைக்காரர் வீட்டம்மாவை நான் போன வாரம் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தேன்" என்ற தையல்காரம்மா, சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "உன் பேச்சைக் கேட்டுக்கிட்டுதான்க்கா. இனிமே நீ ஒண்ணு சொன்னா நான் ரெண்டு தடவை யோசிப்பேன்."

"யோசி" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ரொட்டிக்கூடத்தின் பின்வாசலில் கொட்டகைக்காரர் நின்றுகொண்டிருந்தார். மாவு படிந்த சட்டையோடு வெளியே வந்த ரொட்டிக்காரனை வழிமறிக்கவில்லை, கூடவே நடந்தார். உடன் வேலை செய்தவர்கள் பின்னால் வந்தார்கள். தெருமுனையில் கொட்டகைக்காரர், "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ஆறிடுச்சு" என்றான் ரொட்டிக்காரன். பிறகு, கேட்காமலேயே, "அன்னிக்கு நான் பேசியிருக்கணும்ணே" என்றான். "என்கிட்டச் சொன்னது போதாது" என்றார்.

அன்று மாலை கொட்டகையில் கொட்டகைக்காரரும் சூப்பர்வைசர் வீட்டார் மூவரும் கூடி முடிவு செய்தவை இவை. டிரம்மும் பம்பும் சூப்பர்வைசரின் வீட்டிலிருந்து அகற்றப்பட்டுக் கொட்டகையின் ஓரத்தில் வைக்கப்படும். அங்கே சுவரை ஒட்டி எவரும் உறங்குவதில்லை. கரைசல் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எடுக்கப்படும். முகர்ந்து சொல்லும் பொறுப்பு கொட்டகைக்காரரின் மனைவிக்கு. அவர் வேண்டாம் என்றால் அந்த வாரக் கரைசல் சாக்கடைக்குப் போகும். சூப்பர்வைசர் வாதாடக் கூடாது. மூன்று வீடுகளுக்கும் இந்தப் பருவம் முழுவதும் நாற்று வளர்த்துத் தருவது மாமியாரின் வேலை. வாளிகளைச் சுமந்து சென்று வீடு வீடாகக் கொடுப்பது ரொட்டிக்காரனின் வேலை. கடை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி சுற்று. எடுத்த கரைசல் நான்கு மணி நேரத்துக்குமேல் நில்லாது என்பதால், உறங்கி எழுந்து கொடுக்கலாம் என்பதும் இல்லை. ரொட்டிக்காரன் ஏன் வாளி தூக்குகிறான் என்று எவரேனும் கேட்டால், காரணத்தை அவன்தான் சொல்ல வேண்டும். அவனுக்காக அவன் தாயோ மனைவியோ சொல்லக் கூடாது.

மார்ச் இருபத்தோராம் தேதி முதல் வாளிகள் போயின. கடை வாசலில் ஐந்து பேர் கேட்டார்கள். ஐந்து பேருக்கும் அவன் சொன்னான்.